கூரை யாருக்குச் சொந்தம்?

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

பழைய மாளிகைகளைத் தனித்தனி வீடுகளாக்கி விற்கலாமா என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். விற்கலாம். உலகத்தில் நிறைய இடங்களில் விற்றிருக்கிறார்கள். நான் வக்கீல், கட்டடக்கலை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பத்திரம். இந்த வேலையில் கொத்தனார் செய்கிற தப்பைப் பெரும்பாலும் இடித்துச் சரிசெய்துவிடலாம். பத்திரத்தில் செய்த தப்பு பேரன் காலத்தில் கோர்ட்டுக்கு வந்து நிற்கும். அதிலும் கூரை இருக்கிறதே, அதைப் போலச் சண்டை இழுக்கிற சொத்து வேறு கிடையாது.

ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு பெரிய வீட்டை 1960-இல் அதன் சொந்தக்காரர் இரண்டாகப் பிரித்து, ஒட்டியிருந்த சின்னப் பகுதியை விற்றார். சிக்கல் என்னவென்றால், பெரிய வீட்டின் கூரை சின்ன வீட்டின் படுக்கையறை ஒன்றின் மேலும் படர்ந்திருந்தது. மனிதர் யோக்கியர்தான். அந்தக் கூரைப் பகுதியை ஒழுகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொடுத்தார். பிறகு இரண்டு வீடுகளும் கை மாறின. கூரை ஒழுக ஆரம்பித்தது. சின்ன வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அது பிரபுக்கள் சபை வரை, அதாவது அன்றைக்கு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த இடம் வரை போய், 1994-இல் தீர்ப்பு வந்தது. 'இதைச் செய்யமாட்டேன்' என்று எழுதிக்கொடுத்தால் அது நிலத்தோடு சேர்ந்து அடுத்தவரையும் கட்டும். 'கைக்காசு போட்டு இதைச் செய்வேன்' என்று எழுதிக்கொடுத்தது, பிறகு அந்தச் சொத்தை முழு உரிமையாக வாங்கியவரைக் கட்டாது. தலைக்கு மேலே அடுத்தவர் கூரை, அதைப் பழுதுபார்க்கச் சொல்லும் உரிமை கிடையாது. வழக்கு தோற்றது.

அந்த நாட்டில் அடுக்குமாடி வீடுகளை ஏன் முழுக் கிரயமாக விற்காமல் 99, 125, 999 வருடம் என்று நீண்ட குத்தகையாக விற்கிறார்கள் என்பதற்கு இது பெரிய காரணம். குத்தகை என்றால் பராமரிப்புக் காசு கட்டும் கடமை வீட்டோடு கூடவே போகும், யார் வாங்கினாலும் தப்ப முடியாது. 2002-இல் நம் ஊர் அடுக்ககம் மாதிரி ஒரு பொது உரிமை முறைக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். இருபது வருடம் கழித்தும் அப்படி உருவான குடியிருப்புகள் இருபதைத் தாண்டவில்லை. ஊரறிந்த தோல்வி.

சரி, பெரிய கட்டடத்துக்கு வருவோம். லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் முகப்பில் செங்கல் கோட்டை மாதிரி ஒன்று நிற்கும். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்து 1873-இல் திறந்த மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல் அது. ஏறத்தாழ 300 அறைகள். குளியலறைகளோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பணிப்பெண்கள் தகரத் தொட்டியையும் வெந்நீரையும் அறைக்குத் தூக்கிப் போவார்கள். காலம் மாறி அறைக்கு அறை குளியலறை வேண்டும் என்று விருந்தாளிகள் கேட்டபோது, தீப்பிடிக்காமல் இருக்கத் தடிமனாகப் போட்ட தளங்களில் குழாய் கொண்டுபோவது பெரும்பாடு. எது கட்டடத்தைக் காப்பாற்றும் என்று கட்டினார்களோ அதுவே அதன் கழுத்தைப் பிடித்தது. 1935-இல் ஹோட்டலை மூடினார்கள். அப்புறம் ரயில்வே அலுவலகமாகக் கிடந்தது. 1960-களில் இடிக்கப் பார்த்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமனும் விக்டோரியக் கட்டடங்களைக் காக்கும் சங்கத்தாரும் விடவில்லை. 1967-இல் முதல் நிலைப் பாதுகாப்புக் கட்டடமாகப் பட்டியலில் சேர்த்தார்கள்.

இடையில் ஒரு கிளைக்கதை. அதே நிலையத்தின் கொட்டகைக்குள் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. 1970-களில் அதை அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவருக்கு இரண்டரை லட்சம் பவுண்டுக்கு விற்க முடிவாயிற்று. கழற்றி இறக்கும்போது கீழே விழுந்து நொறுங்கியது. உடைந்த துண்டுகளை ரயில்வே ஊழியர் ஒருவர் 25 பவுண்டுக்கு வாங்கிப்போய்த் தன் வீட்டுக் களஞ்சியச் சுவரில் ஒட்டவைத்து ஓடவிட்டார். நம் முனீஸ்வரன் கோவில் தெருவில் பர்மாத் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் துண்டு துண்டாக வரிசையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கிறபோதெல்லாம் அந்தக் கடிகாரம் என் ஞாபகத்துக்கு வரும்.

அந்த லண்டன் ஹோட்டல் 2011-இல் மறுபடி திறந்தது. ஆனால் எல்லா மாடியும் ஹோட்டலாக இல்லை. கீழே ஹோட்டல், அதன் பெரும்பாலான அறைகள் பக்கத்தில் புதிதாகக் கட்டிய பகுதியில். பழைய கட்டடத்தின் மேல்மாடிகளில் 67 வீடுகள், தனித்தனியாக விற்கப்பட்டவை. மணிக்கூண்டுக்குள்ளேயே ஒரு வீடு உண்டு. வீடு விற்ற பணமும் சேர்ந்துதான் அந்தக் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தியது என்பது என் கணிப்பு. ஹோட்டல் வாடகையை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய முகப்பைப் புதுப்பிக்க யாரும் துணிந்திருக்கமாட்டார்கள்.

அங்கே வீடு வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது? பாதுகாப்புப் பட்டியல் என்பது வெளி முகப்போடு நிற்பதில்லை. உள்ளே கதவு, கணப்பு, ஜன்னல் சட்டம், எல்லாம் சேர்த்தி. கட்டடத்தின் தன்மை மாறும்படி அனுமதியில்லாமல் எதை மாற்றினாலும் அது குற்றம். அதைவிட மோசம், முன்பு இருந்தவர் அனுமதி வாங்காமல் சுவரை இடித்திருந்தால், பழையபடி கட்டு என்ற உத்தரவு இன்றைய சொந்தக்காரருக்கு வரலாம். உங்கள் வீடுதான், உங்கள் சாவிதான், ஆணி அடிக்கும் முன் யோசிக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெரிய கூடம், மேலே விட்டத்தைச் சுற்றிச் சுதையில் பூவேலை செய்த கார்னிஸ், அதாவது விளிம்புப் பட்டை. இதை இரண்டு வீடாக்க நடுவில் சுவர் எழுப்பினால் பூவில் பாதி இந்த வீட்டில், பாதி அந்த வீட்டில். நல்ல கட்டடக்கலைஞர் அப்படிச் செய்யமாட்டார். கூடத்தை முழுசாக ஒரே வீட்டுக்கு விட்டு, சமையலறையையும் குளியலறையையும் பெரிய அலமாரி மாதிரி நடுவில் நிறுத்துவார். அதன் உச்சி கார்னிஸைத் தொடாது. நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பார்க்க அழகு. ஆனால் வீடுகளின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றின் விலை ஏறும். இப்படிப்பட்ட வீடுகள் ஏன் பணக்காரர் கைக்கே போகின்றன என்று கேட்கிறவர்களுக்குப் பதில் அந்தக் கார்னிஸில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை சிங்கப்பூரில். பேர்ல் பேங்க் என்று 1976-இல் முடிந்த 38 மாடிக் குடியிருப்பு, குதிரை லாட வடிவம். அந்தக் காலத்தில் அங்கே மிக உயரமான குடியிருப்புக் கட்டடம். வீடுகள் முதல் நாளிலிருந்தே தனித்தனிச் சொந்தக்காரர்களிடம். கட்டடம் பழசாக ஆக, இதைப் பாதுகாப்புக் கட்டடமாக அறிவிக்கச் சொல்லலாம் என்று குடியிருந்தவர்களே முயன்றார்கள். அதற்கு நூற்றுக்கு நூறு பேர் கையெழுத்து வேண்டும். கிடைக்கவில்லை. மொத்தமாக விற்பதற்கு? எண்பது சதவீதம் போதும். 2018-இல் 72.8 கோடி சிங்கப்பூர் டாலருக்கு விற்றார்கள், இடித்தார்கள். காப்பாற்ற எல்லாரும் வேண்டும், இடிக்கக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அந்த விதியை எழுதியவர் கட்டடத்துக்கு விரோதி இல்லை, ஆனால் கட்டடத்துக்கு விதி எழுதியவர் அவர்தான்.

நம் தமிழ்நாட்டு அடுக்கக உரிமைச் சட்டம் 2022-ஆம் வருடத்தது, 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். முப்பது வருடச் சிமெண்டுக் கட்டடத்துக்கு நல்ல விதி. ஆத்தங்குடிக் கல் பதித்த நூறு வருட வீட்டை அடுக்ககமாகப் பதிவு செய்தால் அதே விதி அதன் தலைக்கு மேலும் தொங்கும்.

இங்கே உட்கார்ந்திருக்கிற ஆச்சிமார்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிந்த உரிமை உங்களுக்குப் புதுசா? வளவை, அதாவது நடு முற்றத்துக் கட்டைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, அந்த அறைக்கு அவரவர் சாவி. முற்றமும் முகப்பும் கூரையும் எல்லாப் பங்காளிக்கும் பொது. விசேஷத்துக்கு எல்லாரும் வருவார்கள், ஓடு மாற்றுகிற செலவுக்குத்தான் ஆள் கிடைக்காது. ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில், ஒருவர் இறந்து அவருக்கு ஏழு வாரிசு. என்னிடம் வந்த ஒரு வழக்கில் வீட்டை விற்க 43 கையெழுத்து வேண்டியிருந்தது. 41 கிடைத்தது. அந்த வீட்டின் கிழக்குப் பக்கம் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை.

அதனால் யாராவது உங்கள் வீட்டை எட்டு வீடாக்கி விற்றுத் தருகிறேன் என்று வந்தால், வரைபடத்தை அப்புறம் பாருங்கள். கூரைக்கும் முற்றத்துக்கும் யார் பொறுப்பு, ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை பங்கு, கட்டாதவரிடம் எப்படி வசூல், இடிக்க எத்தனை பேர் சம்மதம், இதைப் பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள். பழுதுக்கென்று ஒரு வைப்புத்தொகையை முதல் விற்பனையிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மணி எட்டாகப் போகிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள். அதில் 'பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குக் கீழே எவ்வளவு எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.