தோட்டத்துல எத்தனை கால்?

வணக்கம், வணக்கம்! போன்ஷூர் எல்லாருக்கும். பின்னாடி டொக் டொக்குனு ஒரு சத்தம் கேக்குதா? எங்க வீட்டுத் தகரக் கூரையிலேர்ந்து தண்ணி சொட்டுது. ராத்திரி பூரா மழை. பிப்ரவரி மாசம், மொரீஷியஸ்ல இதுதான் மழைக்காலம், எங்க ஊர் ரோஸ்ஹில்ல ரெண்டு நாளா வெயிலே இல்ல. இப்பத்தான் கொஞ்சம் வெளுத்திருக்கு. அதான் கேமராவத் தூக்கிட்டுத் தோட்டத்துக்கு ஓடி வந்துட்டேன். இன்னும் அரை மணி நேரத்துல என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைங்க வந்துருவாங்க. எல்லாம் மூணு வயசுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும். அவங்க வர்றதுக்குள்ள இன்னைக்கு நாங்க பாடப்போற எண்ணுப் பாட்டெல்லாம் உங்களுக்குச் சொல்லிடறேன். எல்லாம் நானே கட்டினது. தாராளமா எடுத்துக்கலாம், உங்க ஊர்ப் பூச்சியப் போட்டு மாத்திக்கலாம்.

முதல்ல ஒரு விஷயம். போன வருஷம் என் நாத்தனார் பையன், நாலு வயசு, எங்க வீட்டுக்கு வந்திருந்தான். அவங்க அம்மாவுக்குப் பெருமை, "அத்தைக்குச் சொல்லிக் காட்டு"ன்னாங்க. கையக் கட்டிக்கிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்குன்னு இருபது வரைக்கும் ஒரு இடத்துலயும் நிக்காம சொன்னான். கேக்க அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் நான் சமையல்ல இருந்தேனா, "கண்ணா, மூணு கறிவேப்பிலை பறிச்சிட்டு வாடா"ன்னேன். கை நிறைய அள்ளிட்டு வந்தான். "இதுல எத்தனை இருக்கு?"ன்னா, மறுபடி கையக் கட்டிக்கிட்டு ஒன்றுலேர்ந்து ஆரம்பிக்கறான். இலையப் பாக்கவே இல்ல.

எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல. அந்தப் பிள்ளைக்கு இருபதும் தெரியும், மூணு தெரியாது. இங்க நம்ம வீடுகள்ல பேச்சு முழுக்கக் கிரியோல், பிரெஞ்சுலேர்ந்து பிறந்த இந்த ஊர் மொழி. தமிழ் எண்ணு எங்க கேக்குது? வகுப்புல, கோயில்ல, அவ்வளவுதான். வீட்டுல யாரும் "ரெண்டு தக்காளி எடு"ன்னு சொல்றதில்ல. அதனால ஒன்று இரண்டு மூன்றுங்கறது பிள்ளைங்களுக்கு மந்திரம் மாதிரி ஆயிருச்சு. அதுக்குக் கீழ எண்ணறதுக்குப் பொருளே இல்ல.

குழந்தைங்க எப்படி எண்ணக் கத்துக்கறாங்கன்னு 1978-ல கெல்மன், கேலிஸ்டல்னு ரெண்டு ஆய்வாளர்கள் எழுதினாங்க. அவங்க சொன்னதுல மூணு மட்டும் நான் எப்பவும் மனசுல வெச்சுக்குவேன். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லுதான், ரெண்டு சொல்லக்கூடாது, ஒண்ண விட்டுட்டும் போகக்கூடாது. சொல்லோட வரிசை மாறவே கூடாது. கடைசியாச் சொன்ன சொல்லுதான் மொத்தக் கணக்கு. இந்த மூணாவது இருக்கே, அதுலதான் பிள்ளைங்க ரொம்ப நாள் தடுமாறுவாங்க. அதனால என் பாட்டு பலதுலயும் "எத்தனை?"ன்னு ஒரு கேள்வி இருக்கும். கேட்டுட்டு நான் வாயத் திறக்கவே மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பேன்.

சரி, கீழ பாருங்க. இந்தச் செங்கல் ஓரமா எறும்பு போகுது. கிட்டக் காட்டறேன், இருங்க. தெரியுதா? இது விரல் பாட்டு. ஒவ்வொரு எறும்புக்கும் ஒரு விரல மண்ணுல ஊணணும். ஊணாம அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

ஓரெறும்பு வந்துச்சு,
ஓட்டைக்குள்ள பாத்துச்சு.
ரெண்டெறும்பு வந்துச்சு,
ரெக்கை ஒண்ணத் தூக்குச்சு.
மூணெறும்பு வந்துச்சு,
மூச்சு வாங்கி நின்னுச்சு.
நாலெறும்பு வந்துச்சு,
நாத்து மேல ஏறுச்சு.
அஞ்செறும்பு வந்துச்சு,
அஞ்சாமத்தான் நடந்துச்சு.
மழைத்துளி விழுந்துச்சு,
மண்ணுக்குள்ள போயிருச்சு!
எத்தனை எறும்பு?
ஒண்ணும் இல்ல!

"ஒண்ணும் இல்ல"ங்கறப்போ கைய விரிச்சுக் காட்டணும். பிள்ளைங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச இடம். எனக்கும். பூஜ்ஜியம்னு ஒரு சொல்லச் சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடியே தமிழ் அதை எவ்வளவு தெளிவா வெச்சிருக்கு பாருங்க. ஒண்ணும் இல்ல. ஒண்ணு கூட இல்ல. மூணு வயசுப் பிள்ளைக்கு வேற விளக்கமே வேண்டாம்.

இங்க ஒரு சின்னப் பேச்சு. "நீங்க ஏன் ஒண்ணு, ரெண்டு, அஞ்சுன்னு பேச்சுத் தமிழ்ல சொல்லிக் குடுக்கறீங்க, பள்ளிக்கூடத்துல ஒன்று, இரண்டு, ஐந்துன்னு எழுதணுமே"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அரசுப் பள்ளியில தமிழ் எடுக்கற பிள்ளைங்க எழுத்து வடிவத்தைத்தான் முதல்ல பாப்பாங்க. ஆனா பாட்டு வாய்க்குள்ள உருளணும். "மூன்று எறும்பு வந்தது"ன்னா நாக்கு கொஞ்சம் தடுக்குது, "மூணெறும்பு வந்துச்சு"ன்னா கூடவே கால் ஆடுது. ஆறு வயசு ஆனதும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டறேன். இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் அதுல குழம்பினதில்ல.

அடுத்து என் செல்லப் பாட்டு, கால் பாட்டு. இந்த முருங்கைக்குக் கீழ வாங்க. முருங்கைக்கீரைய இங்க எல்லாரும் பிரெத் மூரூம்னுதான் சொல்வாங்க, அந்த மூரூம்ல நம்ம முருங்கை ஒளிஞ்சிருக்கு. அதோட அடியில பாருங்க, எவ்வளவு பெரிய நத்தை! கிரியோல்ல கூர்ப்பா! என் உள்ளங்கை அளவு இருக்கு. இது ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த பெரிய நில நத்தை. தயவுசெஞ்சு இதை மட்டும் பிள்ளைங்க கையால தொட விடாதீங்க. இதோட உடம்புல மூளைக்காய்ச்சல உண்டாக்கற ஒரு புழு இருக்கலாம். கண்ணால எண்ணுங்க. தவறித் தொட்டுட்டா உடனே சோப்புப் போட்டுக் கையக் கழுவிடணும். என் வகுப்புல தோட்டத்துக்குப் போயிட்டு வந்தாலே கை கழுவறது சட்டம், தொட்டாலும் தொடாட்டாலும்.

நத்தைக்கு எத்தனை கால்?
ஒண்ணே ஒண்ணு, வழுக்குற கால்!
குருவிக்கு எத்தனை கால்?
ரெண்டே ரெண்டு, தத்துற கால்!
பல்லிக்கு எத்தனை கால்?
நாலே நாலு, ஒட்டுற கால்!
எறும்புக்கு எத்தனை கால்?
ஆறே ஆறு, ஓடுற கால்!
சிலந்திக்கு எத்தனை கால்?
எட்டே எட்டு, பின்னுற கால்!
பூரானுக்கு எத்தனை கால்?
எண்ண வேணாம், தள்ளி நில்!

வழுக்குறன்னா வழுக்கணும், தத்துறன்னா தத்தணும். ஒட்டுற காலுக்குச் சுவத்துல கைய ஒட்டிக்கிட்டு நிக்கணும். எங்க பச்சைப் பல்லிய நீங்க பாத்திருக்கீங்களா? பகல்ல திரியற பல்லி, பச்சைப் பசேல்னு, முதுகுல சிவப்புத் திட்டோட இருக்கும். பூவுக்குள்ள தலைய விட்டுத் தேன் நக்கும். பூச்சி மாதிரியே மகரந்தத்தையும் பூவுக்குப் பூ கொண்டு போகும். பல்லின்னா ராத்திரி டியூப்லைட் பக்கத்துல இருக்கற சாம்பல் நிறப் பல்லிதான்னு நினைக்கற தமிழ்நாட்டுப் பிள்ளைங்களுக்கு இந்த வீடியோவக் காட்டுங்க.

பூரான் விஷயத்துக்கு வர்றேன். கிரியோல்ல இதுக்குப் பேரு சான்பியே, நூறு கால்னு அர்த்தம். ஒரு பொண்ணு, அஞ்சரை வயசு, என்கிட்ட "நிஜமா நூறா மிஸ்?"னு கேட்டா. எவ்வளவு நல்ல கேள்வி! நானும் உக்காந்து தேடினேன். பூரானுக்கு உடம்புல ஒரு கணுவுக்கு ஒரு ஜோடிக் கால். வளர்ந்த பூரான்ல எந்த வகைய எடுத்தாலும் அந்த ஜோடிக் கணக்கு ஒத்தைப்படைலதான் வரும். நூறு காலுக்கு அம்பது ஜோடி வேணும், அம்பது ரெட்டைப்படை. அப்போ சரியா நூறு கால் இருக்கற பூரான் வகை உலகத்துலயே கிடையாது! நம்ம வீடுகள்ல வர்ற கடிக்கிற பெரிய வகைக்குப் பெரும்பாலும் 21 ஜோடி, 42 கால். அந்த நிமிஷமே எனக்கு நம்ம ஒத்தையா ரெட்டையா விளையாட்டு ஞாபகம் வந்துருச்சு. பாட்டி புளியங்கொட்டைய மூடின கையில வெச்சுக்கிட்டுக் கேப்பாங்களே, அதேதான். இப்போ என் வகுப்புல கொட்டைய மூடினதும் எல்லாரும் சேர்ந்து கத்துவாங்க:

ஒத்தையா ரெட்டையா?
பூரானக் கேளு!
ஜோடி போட்டு மிச்சம் ஒண்ணு,
ஒத்தைன்னு சொல்லு!

கொட்டைய ரெண்டு ரெண்டாப் பிரிச்சு வெச்சு, மிச்சம் ஒண்ணு நின்னா ஒத்தை. ஒண்ணும் நிக்கலைன்னா பூரான் தோத்துப்போச்சு.

இப்போ எலுமிச்சைச் செடி. கம்பளிப்பூச்சி இல்ல இது, வழவழன்னு இருக்கற பச்சைப் புழு. குட்டியா இருந்தப்போ பறவை எச்சம் மாதிரியே இருந்துச்சு, இப்போ பெருசாகிப் பச்சையாயிருச்சு. தொட்டா தலைக்குப் பின்னாடியிலேர்ந்து கொம்பு மாதிரி ஒண்ண நீட்டி நாத்தம் விடும். இதோட காலுங்கள எண்ணினா பெரியவங்களே தடுமாறுவாங்க. முன்னாடி கூரா ஆறு கால், அதுக்கப்புறம் புஸு புஸுன்னு பத்துக் கால். மொத்தம் பதினாறு. பட்டாம்பூச்சி ஆனதும் அந்தப் பத்தும் போயிரும், ஆறுதான் மிச்சம். பத்துக்கு மேல போகத் தயாரா இருக்கற பிள்ளைங்களுக்கு நான் இந்தப் புழுவத்தான் வெச்சிருக்கேன். பத்தும் ஆறும் பதினாறுங்கறது தமிழ்ச் சொல்லுலயே கேக்குதே. இந்தப் பிள்ளைங்க பிரெஞ்சுல எழுபதுக்கு அறுபது-பத்துன்னும் எண்பதுக்கு நாலு-இருபதுன்னும் கத்துக்கறாங்க. அவங்களுக்கு எழுபதுல ஏழு கேக்கறதும் எண்பதுல எட்டு கேக்கறதும் பெரிய ஆறுதல்.

ஒன்பதுதான் கொஞ்சம் கோணல். அது பத்து மாதிரி முடியுது. தொண்ணூறு நூறு மாதிரி முடியுது, தொள்ளாயிரம் ஆயிரம் மாதிரி முடியுது. பிள்ளைங்க ஒன்பதையும் எண்பதையும் மாத்தி மாத்திச் சொல்வாங்க. அதைத் திட்டாம ஒரு ஒளியற பாட்டா மாத்திட்டேன். பத்துக் கூழாங்கல்லு, ஒவ்வொண்ணுக்கும் வண்டு மாதிரிப் பொட்டு வெச்சிருக்கேன். பிள்ளைங்க கண்ண மூடினதும் ஒண்ண எடுத்துச் சட்டிக்கு அடியில ஒளிச்சிருவேன்.

பத்து வண்டு படுத்திருந்துச்சு,
பாதி ராத்திரி ஒண்ணு எழுந்துச்சு.
பத்துக்கு ஒண்ணு குறைஞ்சிருக்கு,
ஒம்பது வண்டு இங்கிருக்கு.
ஒளிஞ்ச வண்டே, எங்க இருக்க?
சட்டிக்குள்ள சிரிச்சிருக்க!

இப்போ யாராவது ஒன்பதுன்னு சொன்னா, அவங்க கண்ணு தானா சட்டிப் பக்கம் போகும்.

கடைசிப் பாட்டு நம்ம செத் காரிக்காக. வெளிநாட்டுல பாக்கறவங்களுக்கு: செத் காரின்னா ஏழு கறி. இங்க தமிழர் வீட்டு விசேஷத்துல, கோயில் பூசைக்கு அப்புறம், வாழையிலை போட்டு ஏழு வகை பரிமாறுவாங்க. பேரு கிரியோல்தான், ஆனா ஏழுன்னா என்னன்னு இங்க ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் நாக்குல தெரியும். அதை நான் விடுவேனா?

வாழையிலை விரிச்சாச்சு,
வாசல் தெளிச்சு வெச்சாச்சு.
எறும்பு வந்துச்சு, ஒண்ணு.
ஈ வந்துச்சு, ரெண்டு.
நத்தை வந்துச்சு, மூணு.
தும்பி வந்துச்சு, நாலு.
வண்டு வந்துச்சு, அஞ்சு.
சிலந்தி வந்துச்சு, ஆறு.
தாங் வந்துச்சு, ஏழு!
மத்த ஆறும் ஓடுது பாரு!
இலையில மிச்சம் எத்தனை?

ஒண்ணு! தாங் மட்டும். தாங் தெரியாதவங்களுக்கு: முள்ளெலி மாதிரி ஒரு சின்னப் பிராணி, மடகாஸ்கர்லேர்ந்து இங்க வந்து சேர்ந்தது. பூச்சி, புழுவெல்லாம் அதுக்குச் சாப்பாடு, அதான் மத்த ஆறும் ஓடுதுங்க. அதோட குட்டிங்களத்தான் பாக்கணும். ஒரே ஈத்துல 32 வரைக்கும் பதிவாகியிருக்கு! அம்மா முன்னாடி போக, குட்டியெல்லாம் வரிசையாப் பின்னாடி போகும். என் தாத்தா கரும்புத் தோட்டத்து ஓரத்துல ஒரு தடவை பாத்தாராம். பதினாலு வரைக்கும் எண்ணினாராம், அதுக்குள்ள புல்லுக்குள்ள மறைஞ்சிருச்சாம். "மிச்சத்த நீ எண்ணு"ன்னு என்கிட்ட சொல்வாரு. நான் இன்னும் பாக்கல.

போன வாரம் அந்தக் கறிவேப்பிலைப் பையன் மறுபடி வந்தான். நான் ஒண்ணும் கேக்கல. அவனே தொட்டிக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு விரல ஊணி ஊணி எண்ணினான், மெதுவா. அப்புறம் ஓடி வந்து, "அத்தை, நாலு எறும்பு. அஞ்சாவது செத்துப்போச்சு, அதையும் எண்ணலாமா?"ன்னான். எண்ணலாம் கண்ணா, தாராளமா எண்ணலாம்னேன். திரும்பி ஓடிப்போய் அதுக்கும் ஒரு விரல் ஊணிட்டு வந்தான்.

ஐயோ, கேட் சத்தம். வந்துட்டாங்க. தூறலும் ஆரம்பிச்சிருச்சு, கேமரா நனையுது. வாங்க வாங்க, ஓடாதீங்க, படி வழுக்கும்! செருப்ப அங்க விடுங்க. ஏய், மெதுவா, அங்க பாருங்க, தூணுல. பச்சைப் பல்லி. சத்தம் போடாம எண்ணுங்க... ஒண்ணு... ரெண்டு... அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கா? எத்தனை?