40-ம் 25, 10-ம் 25: இது என்ன கணக்கு?

வணக்கம் மக்களே. வாட்ஸ்அப்புல வர்ற 'உங்களைத் தெரிஞ்சுக்கோங்க' சோதனைன்னாலே எனக்கு ஆகாதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். இப்ப ஒண்ணு குரூப் குரூப்பா சுத்துது. வாழ்க்கைத் திருப்தி மதிப்பெண்ணாம். முழு ரிப்போர்ட் வேணும்னா 8 வெள்ளி 90 காசு. நம்ம சிங்கப்பூர் தெக்காவுல ரெண்டு பேரு தோசையும் டீயுமா முடிச்சிட்டு வரலாமே!

உள்ள என்ன இருக்குன்னு பாத்தா, மூணு பழைய கேள்வித்தாளைச் சேர்த்துத் தச்சிருக்காங்க. எட் டீனர் குழு 1985-ல போட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல், 5 கேள்வி. மோரிஸ் ரோசன்பெர்க் 1965-ல போட்ட சுயமதிப்பு அளவுகோல், 10 கேள்வி. கிரெகரி ஸிமெட் குழு 1988-ல போட்ட சமூக ஆதரவு அளவுகோல், 12 கேள்வி. டீனரோடது யாரு வேணும்னாலும் இலவசமா பயன்படுத்தலாம். அதுக்குப் போய்க் காசு!

சரி, காசை விடுங்க. கணக்கே தப்பு. ரோசன்பெர்க்ல 10-ல 5 கேள்வி எதிர்மறை, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' மாதிரி. 1-லேர்ந்து 4 வரைக்கும் குறிச்சா (4-னா முழுசா ஒத்துக்கறேன்னு அர்த்தம்), அந்த அஞ்சையும் திருப்பிப் போடணும். 5-லேர்ந்து கழிச்சிடுங்க, 4 குறிச்சது 1 ஆயிடும். இவங்க திருப்பவே இல்ல. தன்மேல முழு மதிப்பு வச்சிருக்கற ஒருத்தர் நல்ல கேள்விக்கெல்லாம் 4, எதிர்மறைக்கெல்லாம் 1 போடுறாரு. சரியான கணக்குல 40. இவங்க கணக்குல 20-ம் 5-ம் 25. தன்னை அறவே பிடிக்காத ஒருத்தர் நேர்மாறா போடுறாரு. சரியான கணக்குல 10. இவங்ககிட்ட 5-ம் 20-ம், அதே 25! ரெண்டு பேருக்கும் ஒரே ரிப்போர்ட், ஒரே 'நடுத்தரம்'. இதைக் கண்டுபிடிச்சதுல எனக்கு என்னா சந்தோஷம் தெரியுமா?

அதோட மூணையும் கூட்டி ஒரே எண். கூட்டவே கூடாது. திருப்திங்கறது விளைவு, மத்த ரெண்டும் அதை ஏத்தி இறக்கறது. தனித்தனியா வச்சாத்தான் எங்க ஓட்டைன்னு தெரியும். டீனரோடதுல ஒவ்வொண்ணுக்கும் 1-லேர்ந்து 7, மொத்தம் 5-லேர்ந்து 35, நடு 20. ஸிமெட்டோடது குடும்பம், நண்பர், முக்கியமான ஒருத்தர்னு நாலு நாலா பிரியும். அதுலயும் ஒவ்வொண்ணுக்கும் 1-லேர்ந்து 7, நாலையும் கூட்டி நாலால வகுங்க. 3-க்குக் கீழன்னா குறைச்சல், 5-ஐத் தாண்டினா நல்லா இருக்கு.

இருங்க, டீனர்ல ஒண்ணு விட்டுட்டேன். முதல் மூணு கேள்வி இன்னிக்கு நிலைமை, கடைசி ரெண்டு கடந்து வந்தது. இப்ப எதை மாத்தலாம்னு பாக்கறவங்க முதல் மூணைத் தனியா பாருங்க. ஆங், 'முக்கியமான ஒருத்தர்'னா கணவன் மனைவியாத்தான் இருக்கணும்னு இல்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கிடைச்ச உதவி வேற, கூப்பிட்டா வருவாங்கங்கற நம்பிக்கை வேற. திருப்தியோட நெருக்கமா போறது அந்த நம்பிக்கைதான், ஸிமெட் கேள்விகள் அளக்கறதும் அதைத்தான். உதவி நிறைய வருதுன்னா கஷ்டமும் நிறைய இருக்கலாம், அதான் கிடைச்ச உதவியை எண்ணினா கணக்கு குழம்புது. நம்பிக்கையைக் கெடுக்கறதுல நம்ம குறைஞ்ச சுயமதிப்புக்கும் பங்கு இருக்கலாம். 'நான் கேட்டா தொல்லை'ன்னு நினைக்கறவங்களுக்கு அதே புளோக்குல மூணு தங்கச்சி இருந்தாலும் குடும்பப் பகுதியில 2-தான் விழும். ரோசன்பெர்க்கும் ஸிமெட்டும் சேர்ந்து குறைஞ்சா, ஆளு இல்லையா, கண்ணுக்குத் தெரியலையான்னு முதல்ல பாருங்க.

எப்படிப் பாக்கறது? தாளை நாலா மடிங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வகை உதவி, அதுக்கு யாருன்னு எழுதுங்க. மனசு விட்டுப் பேச. கைவேலை, காசு. விவரம் கேக்க. 'நீ செஞ்சது சரி'ன்னு சொல்ல. 'சொந்தக்காரங்க'ன்னு எழுதக்கூடாது, பேரு வேணும். கேள்வியும் நறுக்குன்னு இருக்கணும். ஞாயித்துக்கிழமை பணிப்பெண்ணுக்கு லீவு, அப்பாவுக்கு இன்சுலின் யாரு போடுவா? பேரு சட்டுனு வரலைன்னா அந்தக் கட்டம் காலி. நாலுலயும் ஒரே பேருன்னா அதுவும் ஆபத்து, அவங்க ஊருக்குப் போனா மொத்தமா போச்சு. விவரக் கட்டம் காலின்னா நண்பரைத் தேட வேணாம், குடும்பச் சேவை நிலையம் போதும். பேச ஆளே இல்ல, பாரம் தாங்கலைன்னா 1771 (சிங்கப்பூரோட தேசிய மனநல உதவி எண்), உயிரை விடணும்னு தோணுச்சுன்னா 1767 (SOS அமைப்போட எண்). ரெண்டும் 24 மணி நேரம்.

ஒண்ணு சொல்லிடறேன், எல்லாத்தையும் சுயமதிப்பு தலையில கட்டாதீங்க. எட் டீனரும் அவர் மகள் மரிசாவும் 1995-ல வெளியிட்ட 31 நாட்டு ஆய்வுல, கல்லூரி மாணவர்கள்கிட்ட, சுயமதிப்புக்கும் திருப்திக்கும் உள்ள பிணைப்பு தனிமனிதரை முன்னாடி வைக்கற நாடுகள்லதான் கெட்டியா இருந்துச்சு. குடும்பம், கூட்டத்தை முன்னாடி வைக்கற இடங்கள்ல அவ்வளவு இல்ல. நம்ம வீடு எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

உதவி செய்யறவங்களுக்கும் ஒண்ணு. நியூயார்க்ல வக்கீல் பரீட்சைக்குப் படிச்சவங்களையும் அவங்க துணைகளையும் நாட்குறிப்பு எழுத வச்ச ஆய்வு 2000-ல வந்துச்சு. துணையா இருக்கறவங்க 'நான் செஞ்சேன்'னு எழுதி, படிக்கறவங்க கவனிக்காமலே போன உதவிதான் மனச்சுமையை நல்லா குறைச்சுது. கண்ணுல பட்ட உதவி, 'என்னால முடியலையே'ன்னு சுயமதிப்பையே குத்தலாம். அதனால 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' வேணவே வேணாம், எனக்கு அறவே பிடிக்காத வசனம் அது. 'சனிக்கிழமை ஈரச்சந்தைக்குத்தான் போறேன், உங்களுக்கும் சேர்த்துக் காய்கறி வாங்கிடறேன், சரியா?'ன்னு கேளுங்க. அரை கிலோ போதும்னாங்கன்னா அரை கிலோவே வாங்குங்க, கூட வாங்கிட்டுப் போய் நிக்காதீங்க.