குருவிக்கு ஃபீடர் மாட்ட எடம் பாக்கறது எப்படி

எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டைல இருக்கேன், வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சூண்டு எடம், ஒரு முருங்கமரம், துணி தொவைக்கிற கல்லு, அவ்ளோதான். எங்க தெருவுல நெறைய பேரு கேக்கறாங்க, அக்கா குருவிக்கு தீனி போட்டு தொங்கவிடற டப்பா, அதான் ஃபீடர், எது வாங்கலாம், ஆன்லைன்ல விதவிதமா இருக்கேன்னு. டப்பாவ அப்பறம் பாத்துக்கலாம்ங்க, மாட்டப்போற எடத்த மொதல்ல பாருங்க.

இத நான் பட்டுதான் தெரிஞ்சிக்கிட்டேன். மொதல்ல வாங்குன ஃபீடர, காப்பி குடிச்சிக்கிட்டே பாக்கலாம்னு சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா, கைப்பிடி சுவத்துல இருந்து ஒரு மொழம் தள்ளி மாட்டிட்டேன். நாலஞ்சு நாள் நல்லாத்தான் போச்சு, ஒரு நாள் காலைல ஒரு பொட்டக்குருவி குனிஞ்சு கொத்திக்கிட்டிருந்துச்சு, பக்கத்து மாடிப் பூனை சுவத்து மேல வயித்த ஒட்டி படுத்திருந்தது என் கண்ணுக்கும் தெரியல அதுக்கும் தெரியல. ஒரே தாவுதான். கீழ ரெண்டு பழுப்பு எறகு கெடந்துச்சு. பூனை மேல எனக்குக் கோவமே வரல, தப்பு என்னோடது, நான் எனக்கு வசதியா மாட்டிட்டேன், குருவிக்கு வசதியா மாட்டல.

குருவிக்கு ரெண்டு வேணும். சாப்பிடறப்ப சுத்தி பாக்கணும், ஆபத்துன்னா ஓடி ஒளிய பக்கத்துல ஒரு செடியோ மரமோ இருக்கணும். அதுக்காக செடிக்குள்ளயே மாட்டிடாதீங்க, அங்கதான் பூனை பதுங்கும். செடில இருந்து ஒரு 8, 10 அடி தள்ளி, தரைலருந்து ஆள் ஒசரத்துக்கு மேல, சுவரு, பைப்பு, மாடிப்படின்னு பூனை கால் வைக்கற எதுவும் பக்கத்துல இல்லாம தொங்கவிடுங்க. நம்ம ஏரியால வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கும், அவ்ளோ தூரம் கெடைக்காது, அப்ப ரெண்டு பக்கமும் கம்பி இழுத்து கட்டி நடுவுல மாட்டலாம். கண்ணாடி ஜன்னல் இருந்தா ஒண்ணு 3 அடிக்குள்ள மாட்டுங்க, இல்லன்னா 30 அடி தள்ளி மாட்டுங்க, நடுத்தரமான தூரத்துலதான் குருவி வேகம் எடுத்து வந்து கண்ணாடில தெரியற வானத்த நெஜம்னு நெனச்சி மோதி சாவுது.

தொங்கவிட நைலான் கயிறு, மாஞ்சா நூலு வேணவே வேணாம். நைலான் மாஞ்சாவ பசுமைத் தீர்ப்பாயம் 2017லயே நாடு முழுக்க தடை பண்ணிடுச்சு, ஆனா காத்தாடி சீசன்ல நம்ம மொட்டமாடி, கேபிள் ஒயரு எல்லாத்துலயும் அறுந்தது தொங்குது. மாடிக்குப் போறப்பல்லாம் கைல சுருட்டி எடுத்துருங்க. ஃபீடர் மாட்டறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய மொத வேலையே இதுதான்னு சொல்வேன்.

இப்ப டப்பா. குட்டையான குச்சி வச்ச பாட்டில் மாதிரி ஃபீடரே போதும், குச்சி நீளமா இருந்தா புறா வந்து உக்காந்து மொத்தத்தயும் காலி பண்ணிடும். புறா தொல்லை ஜாஸ்தின்னா சுத்தி ஒன்றரை இஞ்ச் கண்ணு வச்ச வலைக்கம்பி கூண்டு போட்டுருங்க, குருவி உள்ள நொழையும், புறா நொழையாது. துட்டு செலவு பண்ண வேணாம்னா கொட்டாங்குச்சில மூணு ஓட்ட போட்டு கம்பி கோத்து தொங்கவிடலாம், அடில இன்னொரு சின்ன ஓட்ட, மழைத்தண்ணி வடியறதுக்கு. காக்காவுக்கு சோறு வைக்கறவங்க அத வீட்டு முன்பக்கம் வைங்க, காக்கா குருவி முட்டையயும் குஞ்சயும் தூக்கிடும், ரெண்டுத்தயும் ஒரே எடத்துக்குக் கூப்பிடாதீங்க.

தீனிக்கு செங்குன்றம் மண்டி நொய்யே போதும், கூட கம்பு, தினை. பச்சரிசி தின்னா குருவி வயிறு வீங்கி வெடிக்கும்னு சொல்றது பொய். மிக்சர், பிரெட்டு, உப்பு போட்டது எதுவும் வேணாம். குஞ்சுங்களுக்கு மொத சில நாளு தானியம் ஆகாது, தாய்க்குருவி புழு பூச்சியதான் புடிச்சி ஊட்டும், அதனால தொட்டில இருக்கற செடிக்கு பூச்சி மருந்து அடிக்காதீங்க.

ஒரு நாளைக்குக் காலியாகற அளவுதான் போடணும். ஐப்பசி கார்த்திகை மழைல நொய் நனைஞ்சு கட்டி கட்டியா பூஞ்சை புடிக்கும், அத தின்னா நோவு வந்துரும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ நல்லா கழுவி வெயில்ல காயவச்சி மாட்டுங்க. பக்கத்துலயே மண் தட்டுல தண்ணி, ரெண்டு இஞ்ச் ஆழத்துக்கு மேல வேணாம், தெனமும் கொட்டி தேச்சிட்டு மாத்தணும், இல்லன்னா டெங்கு கொசுவ நாமளே வளத்த மாதிரி ஆயிடும்.

மாட்டின மறுநாளே வரும்னு நெனைக்காதீங்க. எடத்த மாத்தினதுக்கப்பறம் எங்க வீட்டுல மூணு வாரம் ஒண்ணுமே வரல. அப்பறம் ஒரு நாள் கழுத்துல கருப்பு போட்ட ஆண்குருவி ஒண்ணு முருங்கக் கெளைல உக்காந்து ரொம்ப நேரம் தலைய சாய்ச்சி சாய்ச்சி பாத்துச்சு, ஒரு மணி நொய் கூட தொடாம போயிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சி ஜோடியோட வந்துச்சு. வர்ற வரைக்கும் பழைய நொய்ய கொட்டிட்டு புதுசு போட்டுக்கிட்டே இருங்க.