ஹெட்டைக் கழற்றியாச்சு, பேசிங் அடிக்கலாமா?

ஏற்காட்டுக்குச் செங்கல், எம்-சாண்ட் ஏற்றும் ஆறு சக்கர லாரிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கேஸ்கட் போய் ஹெட்டை (சிலிண்டருக்கு மேலே இருக்கும் மூடி) கழற்றியிருக்கிறோம். 1 மி.மீ. பேசிங் அடித்து (ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி), போர்ட்டை (ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போகும் வழி) பெரிதாக்கிப் பாலிஷ் போட்டால் மலையில் இழுவை கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

அண்ணா, அவர் சொல்வது பெட்ரோல் வண்டிக் கணக்கு. அங்கே எரியும் அறை ஹெட்டில் இருக்கும், சீவினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அளவு) ஏறும். உங்கள் மாதிரி லாரி டீசலில் ஹெட் தட்டை, குழி பிஸ்டன் தலையில். சீவினால் கம்ப்ரஷன் ஏறுவது சொற்பம்தான். ஆனால் வால்வும் டீசல் தெளிக்கும் நாசிலின் முனையும் அந்த 1 மி.மீ. அளவுக்குப் பிஸ்டன் பக்கம் இறங்கி நிற்கும். இதோ, மேசையில் இருக்கும் இந்தப் பிஸ்டனைப் பாருங்கள். தலையில் பிறை மாதிரி இரண்டு தழும்பு. வால்வு முட்டின இடம்.

அதனால் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர்கோல்) வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோணல் இருந்தால் அது போகிற அளவுக்கு மட்டும் சீவலாம். சீவின பிறகு வால்வு உட்காரும் சீட்டை வெட்டி, வால்வு பழைய ஆழத்துக்கு ஹெட்டுக்குள் உள்வாங்கி நிற்கும்படி செய்யணும். நாசிலுக்கு அடியில் செம்பு வாஷரையும் தடிமன் பார்த்துப் போடணும். இதை விட்டுவிட்டு பேசிங் மட்டும் அடித்தால் கதை முடிந்தது.

சரி, போர்ட். இன்டேக் போர்ட் வளைந்து முறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று சிலிண்டருக்குள் சுழன்று இறங்கி டீசலோடு கலக்கத்தான் அந்த வளைவு. அதைத் தேய்த்து நேராக்கினால் சுழற்சி போய்விடும், கறும்புகை வரும். பெரிய போர்ட் பலன் தருவது வேகமாகச் சுற்றும் இன்ஜினில். நீங்களோ 20 கொண்டை ஊசி வளைவையும் குறைந்த சுற்றில் முக்கி முக்கி ஏறுகிறீர்கள்! எக்ஸாஸ்ட் பக்கம் கேஸ்கட் விளிம்பு உள்ளே துருத்தினால் அதை மட்டும் எடுத்துவிடலாம், தப்பில்லை.

மேலே ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அப்படியிருக்க இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் டர்போவின் ஹோஸில் ஒரு கீறல் இருந்தாலே இழுவை போய்விடும். முதலில் அதையும் ஏர் பில்டரையும் பாருங்கள். அப்புறம், பேசிங் காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வால்வுக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டி வரலாம்.