சீக்கு யாருக்கோ அவங்ககிட்ட கேளுங்க

(கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துல ஒரு ஊர்ல மகளிர் குழு அக்காங்க கூப்புட்டுப் பேசச் சொன்னாங்க. அன்னைக்குப் பேசுனதை அப்படியே எழுதியிருக்கறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. சாயங்காலப் பால் கறக்கற நேரத்துல வேலையைப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கறீங்க, அதனால வளவளன்னு இழுக்க மாட்டேன், நேரா எங்கம்மா கதையிலயே ஆரம்பிச்சுடறனுங்க.

எங்கம்மாவுக்கு சுகர். ஒரு ஆஸ்பத்திரியில காட்டி மாத்திரை மாத்தி எழுதிக் குடுத்தாங்க, காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. தம்பிதான் கூட்டிட்டுப் போனான். டாக்டர் கேட்டதுக்கெல்லாம் அவன்தான் பதில் சொன்னான், "டைமுக்கு சாப்பிடறாங்களா"ன்னு கேட்டதுக்கு "சாப்பிடறாங்க சார்"னுட்டான், அம்மா ஸ்டூல்ல உக்காந்து சேலைத் தலைப்பை முறுக்கிட்டு இருந்துச்சாம். வீட்டுக்கு வந்து தம்பி செல்லுல 7 மணிக்கு அலாரம் வெச்சுக் குடுத்தான், அம்மாவும் அலாரம் அடிச்சா முழுங்கிடும். ஆனா அது 4 மணிக்கு எந்திரிச்சு, சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊத்திட்டு, சோளத்தட்டு அறுத்துப் போட்டுட்டு சோத்துல கை வெக்கறப்ப மணி 11 ஆயிருமுங்க. அந்த வகை சுகர் மாத்திரை இருக்குது பாருங்க, அது கணையத்தைப் புடிச்சு இன்சுலினைச் சொரக்க வெச்சுரும், வயித்துல சோறு இருக்குதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. சோறு போகலீன்னா சுகர் கிடுகிடுன்னு எறங்கிரும். ஒரு நாள் கட்டுத்தறியில வேர்த்து ஊத்தி, கை நடுங்கி, சாஞ்சு உழுந்துருச்சு. நெனவு இருந்ததால பக்கத்து ஊட்டு அத்தை சக்கரையைக் கரைச்சுக் குடிக்க வெச்சு எழுப்பி உக்கார வெச்சாங்க.

நான் 31 வருசம் ஸ்டாஃப் நர்சு வேலை பாத்தவ. "நீ எப்பம்மா சாப்பிடுவே"ன்னு பெத்த தாயிகிட்ட ஒருக்காகூட கேக்கலீங்க. அந்த வெசனம் எனக்கு இன்னும் இருக்குது.

நம்ம ஊர்ப்பக்கம் இது பழக்கமாவே போச்சு. சீக்கு ஒருத்தருக்கு, பேசறது இன்னொருத்தர். மகன் பேசுவான், மருமகன் பேசுவாரு, வெளிநாட்டுல இருக்கற பேரன் போன்ல பேசுவான், நாங்களும் பெட்டுல படுத்திருக்கறவங்களை உட்டுப்போட்டுப் பக்கத்துல நிக்கறவங்களைப் பாத்துத்தான் "தூங்குனாங்களா"ன்னு கேப்போம். "சிஸ்டர், கேன்சர்னு அப்பாவுக்குத் தெரியக்கூடாதுங்க"ன்னு எத்தனை பேரு என் கையைப் புடிச்சிருக்கறாங்க தெரியுங்களா, பாசத்துலதான் சொல்றாங்க, குத்தம் சொல்லல. ஆனா ஒரு பெரியவரு, மஞ்சக்காட்டுக்காரரு, ராத்திரி டூட்டியில என்னைக் கூப்புட்டு "அம்மணி, எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும், பண்ணாரியம்மன் கோயில் குண்டம் நோம்பிக்கு ஒருக்கா போயிட்டு வந்துட்டன்னா போதும், இவனுக கிட்ட எப்படிக் கேக்கறது"ன்னாரு. நான் மகன்கிட்ட சொல்லிப் பாத்தேன், "மனசு உட்டுருவாருங்க"ன்னுட்டான். நோம்பி வந்துச்சு, போச்சு, அவரு ஆஸ்பத்திரியிலயேதான் கண்ணை மூடுனாரு.

சீக்குக்காரங்ககிட்டயே கேட்டு, அவங்க நெலமைக்குத் தக்க வைத்தியம் பாக்கறதுக்கு இப்ப "பேஷண்ட் சென்டர்டு கேர்"னு பேரு சொல்றாங்க. 2001ல அமெரிக்காவுல இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்காரங்க நல்ல வைத்தியத்துக்கு ஆறு குணம் சொன்னாங்க, அதுல இதுவும் ஒண்ணு. சரி, அதுக்கு நெம்ப வருசம் முன்னாடி நம்ம சென்னையில நடந்ததைச் சொல்றேன், எனக்கு அதுதான் பெருசு. பெருந்துறையில டிபி சானடோரியம் இருந்தது பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும், டிபின்னா மாசக்கணக்குல வருசக்கணக்குல அங்கதான் கெடக்கணும். 1956ல சென்னையில ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க, ஏழைப்பட்ட டிபி நோயாளிகளை ரெண்டு பங்காப் பிரிச்சு, ஒரு பங்கை சானடோரியத்துல படுக்க வெச்சு நல்ல சாப்பாடு போட்டு, இன்னொரு பங்கை வீட்டுலயே உட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை ஒரு வருசம். வீட்டுல இருந்தவங்களுக்கு சோறு கொறைச்சல், வேலை எச்சா, சின்ன வீட்டுல குடும்பமே ஒட்டுக்கா படுக்கறது. அப்படியும் 1959ல முடிவைப் பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கொணமாயிருந்துச்சு, வீட்டுல இருந்தவங்களால குடும்பத்துக்கு எச்சாவா நோய் ஒட்டவும் இல்லை. உலகத்துல சானடோரியங்களை மூடுனதுக்கு இது ஒரு பெரிய காரணமுங்க. வீட்டுலயே மாத்திரை குடுத்தா மட்டும் போதுமா, ஆளுக வீடு தேடிப் போயி மாத்திரை சாப்பிடறாங்களான்னு பாத்தாங்க, அந்த வீட்டு நெலமையோட சேத்து வைத்தியம் பாத்தாங்க. 2021ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசாங்கத் திட்டத்துலயும் எனக்குப் புடிச்சது அதுதான், வாசல்ல வந்து உக்கார்ற பொண்ணுக்கு இந்த வீட்டுல எத்தனை மணிக்கு அடுப்பு பத்த வெக்கறாங்கன்னு தெரியும்.

பொம்பளைங்க நாம முக்கியமாத் தெரிஞ்சுக்க வேண்டியது கையெழுத்து சமாச்சாரம். டெல்லியில ஒரு 44 வயசு அம்மாவுக்கு உள்ள என்னன்னு பாக்கறதுக்குன்னு மயக்கம் குடுத்தாங்க, அவங்க மயக்கத்துல இருக்கறப்பவே வெளிய நின்ன அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. கேசு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. பாக்கறதுக்குக் குடுத்த சம்மதம் எடுக்கறதுக்கு ஆகாது, உசுருக்கு ஆபத்துன்னு அவசரம் இல்லாதப்ப அவங்க கண்ணு முழிச்சதும் அவங்ககிட்டயேதான் கேட்டிருக்கணும்னு 2008ல தீர்ப்பு சொன்னாங்க. பெத்த அம்மா சம்மதமே செல்லாதுன்னா, மாமியா, புருசன் போடற கையெழுத்து எப்படிங்க செல்லும்? இன்னொண்ணு, உங்க கேஸ் பேப்பரைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு டாக்டர்களுக்கு 2002ல இருந்தே விதி இருக்குது. பயப்படாமக் கேளுங்க.

டாக்டருங்க மேலயே பழி போடறதும் நாயமில்லீங்க. ஓபியில நிக்கற கூட்டத்தை நீங்களே பாத்திருக்கறீங்க. 67 நாட்டுக் கணக்கைச் சேத்து 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, டாக்டர் ஒரு நோயாளியைப் பாக்கற நேரம் சுவீடன்ல 22 நிமிசத்துக்கு மேல, நம்ம நாட்டுல ரெண்டு நிமிசம் சுமாருக்குத்தான். அந்த ரெண்டு நிமிசத்தையும் மகன் பேசித் தீத்துட்டா என்னத்துக்காகறது? அதனால போறப்ப முழுங்கற மாத்திரை அட்டையெல்லாம், நாட்டு வைத்தியர் குடுத்த பொடி உள்பட, ஒரு மஞ்சப்பையில போட்டுக் கொண்டு போங்க. எத்தனை மணிக்கு எந்திரிக்கறீங்க, எப்ப சாப்பிடறீங்கன்னு அவங்க கேக்கலீன்னாலும் சொல்லுங்க. டாக்டர் சொல்லி முடிச்சதும் "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றனுங்க, சரியாப் பாருங்க"ன்னு திருப்பிச் சொல்லுங்க, தப்பு இருந்தா அங்கயே தெரிஞ்சுரும். துணைக்கு வந்த பிள்ளைங்க பக்கத்துல இருக்கட்டும், விட்டுப்போனதை எடுத்துக் குடுக்கட்டும்.

எங்கம்மாவை மறுபடி கூட்டிட்டுப் போனப்ப நான் வாயைத் தொறக்கல. அது முதல்ல என் மூஞ்சியைத்தான் பாத்துச்சு, டாக்டர் பொறுத்திருந்தாரு, பொறவு மாடு கன்னு கதையெல்லாம் சொல்லி முடிச்சுது. மாத்திரையையும் மாத்தி நேரத்தையும் மாத்திக் குடுத்தாரு, அதுக்கப்புறம் மயக்கம் வரலீங்க.

பிபி மிஷின் கொண்டாந்திருக்கறேன், அந்த வேப்பமரத்தடியில பெஞ்சு போட்டிருக்குது. மஞ்சப்பை எடுத்துட்டு வந்தவங்க ஒவ்வொருத்தரா வாங்க. மகன் மருமகள் அக்கட்ட நிக்கட்டும், மாத்திரை முழுங்கறவங்களே வந்து சொல்லுங்க.