தெருவுக்கு மூன்று மணி நேரம்

பெரியவர்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை மூன்று மணி நேரம், நம் தெருவில் வண்டி ஓடாமல் இருந்தால் என்ன? இதைக் கேட்கத்தான் மேடை ஏறினேன். "தெருவை அடைப்பதா?" என்று சிலருக்கு முகம் மாறுகிறது. நாம் அடைக்காத தெருவா? கல்யாணத்துக்கு ஷாமியானா, சாவுக்கு ஷாமியானா, ஆடியில் கூழ் ஊற்றப் பந்தல், பொங்கலுக்கு உறியடி. அப்போதெல்லாம் வண்டிக்காரர் முணுமுணுத்தபடி அடுத்த தெருவில் திரும்பிப் போய்விடுகிறார். பிள்ளைகள் விளையாட என்றால் மட்டும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது.

நம் தெருக் கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல் அடுக்கி ஸ்டம்ப். பவுலர் ஓடி வரும்போது "வண்டி! வண்டி!" என்று ஒரு குரல். செங்கல் ஓரம் போகும், கார் போகும், செங்கல் திரும்ப வரும். நாலு பந்து போடுவதற்குள் அடுத்த வண்டி. இந்த ஆட்டத்தில் எத்தனை பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் ஒரு நாள் நின்று எண்ணிப் பாருங்கள்.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர், சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தார். நாளுக்கு சுமார் 2,000 வண்டிகள் ஓடிய தெருவில், ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள். சுமார் 16,000 ஓடிய தெருவில் 0.9. ஒரு முழு ஆள்கூடத் தேறவில்லை! அந்த மனிதரே 1982இல் ஏதென்ஸில் கார் மோதித்தான் இறந்துபோனார்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1974 முதல் இந்த வழக்கம் இருக்கிறது. இப்போது ஞாயிறுதோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையைக் காலை 7 முதல் மதியம் 2 வரை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டி கிடையாது.

நமக்குப் பொருந்துவது இங்கிலாந்தின் பிரிஸ்டல் என்பது என் கணக்கு. 2009இல் அங்கே பெற்றோர் சிலர் பள்ளி விட்ட பிறகு தங்கள் தெருவைச் சில மணி நேரம் மூடினார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தெருமுனைகளில் பளிச்சென்ற மேல்சட்டை போட்ட ஆட்கள், அவ்வளவுதான். உள்ளே குடியிருப்பவர் காரோடு வந்தால் தடுப்பதில்லை. ஒருவர் முன்னால் நடக்க, கார் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்து வரும். முதல் வரிசை ஐயா கேட்டாரே, "எனக்கு டயாலிசிஸ் போக வேண்டி வந்தால்?" என்று, அதற்குப் பதில் இதுதான். ஆம்புலன்ஸுக்குத் தடுப்பை நகர்த்த அரை நிமிடம் போதும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: டிஜே வேண்டாம். நம் ஊரில் இதைச் செய்கிற இடங்களில் பாட்டுச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது கேட்பதில்லை. பந்தும் பாண்டிக் கட்டமும் போதும். பாட்டிகளுக்கு நாலு நாற்காலி.

சரி, வேலைக்கு வருவோம். காவல் நிலையத்துக்கும் மாநகராட்சிக்கும் முறையாக எழுதிக் கொடுப்போம். தெருவுக்கு இரண்டு முனை, முனைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். ஆக எட்டுப் பேர் வேண்டும். நோட்டு மேஜைமேல் இருக்கிறது, என் பெயர் எழுதியாகிவிட்டது. அப்புறம், இஸ்திரி வண்டியை நகர்த்த வேண்டுமா என்று ஒரு அம்மா கேட்டார்கள். வேண்டாம். அது நிற்கிற வண்டிதானே, ஓடுகிற வண்டி இல்லையே. நன்றி.