வாய்க்குள்ள முடி முளைக்குமா? வாய்ப்புற்றுநோய் ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன நடக்குது?

நாக்கு மேல முடி முளைக்குமா? முளைக்கும்! எப்படின்னு கடைசியில சொல்றேன், ஓடிராதீங்க.

வணக்கம் உறவுகளே! இலங்கையில ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். "நான் போயிலை போடுறதில்ல, வெறும் வெத்தல பாக்குதானே"ன்னு தப்பிக்க முடியாது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004லயே வெளியிட்டுருச்சு. சரி, அது தனி வீடியோ.

நாக்குல ஒரு பகுதியை வெட்டி எடுத்துட்டா, அந்த இடத்தை முன்கைத் தோலை வச்சு மூடுவாங்க. சும்மா ஒட்டுறதில்ல. தவறணையில, அதாவது நாத்து மேடையில இருந்து தேயிலைக் கன்னை எடுத்து மலையில நடும்போது வேரோடதானே எடுப்போம்? (யாழ்ப்பாணத்து உறவுகளே, நான் சொல்றது கள்ளுத் தவறணை இல்ல!) அந்தத் தோலுக்கு வேர் அதோட ரத்தக்குழாய்தான். அதைக் கழுத்து ரத்தக்குழாயோட மைக்ரோஸ்கோப்புல பார்த்துத் தைக்கிறாங்க.

கன்னு பிடிச்சிருச்சான்னு யாரு பார்க்கிறது? வார்ட்டுல இருக்கிற மிஸ், அதாவது நர்ஸ்தான். முதல் நாள் முழுக்க மணிக்கொரு தடவை, ராத்திரி 2 மணிக்கும் டோர்ச் அடிச்சு வாயைப் பார்ப்பாங்க. "மனுசனைத் தூங்க விடமாட்டேங்கிறாங்க"ன்னு சண்டைக்குப் போகாதீங்க! தோல் வெளுத்து சில்லுன்னு ஆனா, உள்ள ரத்தம் வரல. நீலம் பாரிச்சு வீங்கினா, வந்த ரத்தம் வெளிய போகல. விரலால அமுக்கி எடுத்தா 2, 3 செக்கன்ல பழைய நிறம் திரும்பணும். மாற்றத்தை உடனே கண்டுபிடிச்சாத்தான் திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய்க் காப்பாத்த முடியும். அதனால எனக்கு அந்த டோர்ச்தான் இந்தக் கதையோட ஹீரோ.

இப்ப நுவரெலியாக் குளிருக்கு வருவோம். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், அதனால நோயாளி உடம்பு கதகதப்பா இருக்கணும். ஆனா பாசத்துல மப்ளரைக் கழுத்துல சுத்திறாதீங்க! புதுசாத் தைச்ச குழாய் அங்கதான் இருக்கு, இறுக்கினா அடைச்சுக்கும். தாயத்துக் கயிறும் அப்படித்தான். போர்வை போதும். பீடி, சிகரெட் பேச்சே வேணாம், அதுவும் குழாயைச் சுருக்கும்.

சாப்பாடு மூக்குக் குழாய் வழியா. டொக்டர் சொல்ற வரைக்கும் "ஒரு வாய் தேத்தண்ணி"கூட வாயில ஊத்தக்கூடாது. பேச முடியாது, ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்க. எழுதத் தெரியாத தாத்தாவுக்கு வலி, தண்ணி, மூச்சுன்னு படம் வரைஞ்ச அட்டை.

அந்த முடி? கைத்தோல் வாய்க்குள்ள வந்தாலும் பழைய வேலையை விடாது. ரேடியேஷன் கொடுத்தா பெரும்பாலும் கொட்டிரும். கொட்டலன்னா கண்ணாடி முன்னாடி நின்னு பிடுங்காதீங்க, கிளினிக்ல சொல்லுங்க. தாத்தாவுக்கு நாக்குல முடி இருக்குன்னு கேலி பண்ற பேரன் யாராவது இருந்தா, கமெண்டுல வாங்க!